கசிவை அறிந்த கருவி

யூனிட்டி எடிட்டரில் ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு அந்தச் சிவப்பு வரி நன்கு தெரியும். எடிட் நிலையில் ஒரு ரெண்டரரின் 'மெட்டீரியல்' பண்பைத் தொட்டால், காட்சிக்குள் மெட்டீரியல்கள் கசியும் என்றும் 'ஷேர்டுமெட்டீரியல்' பண்பை எடுத்துக்கொள்ளும்படியும் கன்சோல் சொல்லும். பின்னர், யாரும் சுட்டாத பொருள்களைத் துப்புரவு செய்வதாக அறிவித்து, எது எத்தனை முறை கசிந்தது என்ற கணக்கையும் கொடுக்கும். தன் கோளாறைப் பெயர் சொல்லிக் காட்டும் இந்த நேர்மைக்கு முதல் மதிப்பெண் தரலாம். ஆனால் கசியும் இடம் கருவிக்கே தெரிந்திருக்க, அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்தது எதற்காக?

குறை அந்தப் பண்பின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. சி ஷார்ப் மரபில், ஒரு பண்பைப் படிப்பதால் பக்கவிளைவு எதுவும் இருக்கக் கூடாது. இங்கோ முதல் முறை தொட்டவுடன் அந்த ரெண்டரருக்கென ஒரு நகல் உருவாகிறது; அதை அழிக்கும் கடமை, தொட்டவர் தலையில் விழுகிறது. நூறு உருவங்களின் நிறத்தை மாற்றினால் நூறு நகல்கள். உருவங்களை அழித்த பிறகும் நகல்கள் நிற்கும். ஆவணம் இந்தப் பொறுப்பைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நிரலின் வரியில் அதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. ஒருமைப்பாடும் இல்லை: யுஐ பகுதியின் 'கிராபிக்' வகுப்பில் இதே பெயருள்ள பண்பு நகலெடுப்பதில்லை. ஒரே பெயருக்கு ஒரே கட்டமைப்புக்குள் இரண்டு நடத்தைகள் இருப்பதை எந்த அளவுகோலாலும் நியாயப்படுத்த முடியாது.

மெட்டீரியலைவிட டெக்ஸ்சரில் இழப்பு பெரிது. 2048 × 2048 அளவில், பிக்சலுக்கு 32 பிட் கொண்ட ஒரு டெக்ஸ்சர் கிராபிக்ஸ் நினைவகத்தில் 16 எம்பி எடுக்கும். மிப்மேப் சேர்ந்தால் ஏறத்தாழ 21. ஸ்கிரிப்ட்டில் புதிதாக உருவாக்கினால், நிரலால் படிக்கத்தக்க இன்னொரு பிரதியும் முதன்மை நினைவகத்தில் தங்கும். சி ஷார்ப் பக்கம் இருப்பதோ ஒரு சின்ன உறை மட்டுமே. கார்பேஜ் கலெக்டரின் கண்ணில் படுவது அந்த உறைதான். உறையை எடுத்துச் சென்றாலும் சி பிளஸ் பிளஸ் பக்கத்து உடல் அப்படியே கிடக்கும். எடிட்டர் சாளரம் எழுதுபவர் 'ஹைட் அண்ட் டோன்ட் சேவ்' கொடியையும் வைத்துவிட்டால், பயன்படாதவற்றை இறக்கும் பொதுத் துப்புரவுகூட அதைத் தொடாது. ஸ்கிரிப்ட் மறுபடி கம்பைல் ஆகும்போது டொமைன் ரீலோடில் ஸ்டேட்டிக் புலங்களின் சுட்டிகள் மறைகின்றன, டெக்ஸ்சர் மிஞ்சுகிறது. ஐம்பது முறை கம்பைல் செய்தால், மிப்மேப் இல்லாமலேயே, கிராபிக்ஸ் நினைவகத்தில் மட்டும் 800 எம்பி.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ரீலோடுக்கு முன் 'ஆன்டிசேபிள்' அழைக்கப்படுகிறது. 'ஆன்எனேபிள்' உருவாக்கியதை அங்கே அழித்துவிடுபவருக்கு இந்தக் கசிவே இல்லை. எடிட் நிலையில் 'டெஸ்ட்ராய்' செல்லாது, 'டெஸ்ட்ராய்இமீடியட்' வேண்டும் என்பதையும் கருவியே சொல்லித்தருகிறது. மெமரி ப்ரொஃபைலரில் இரண்டு ஸ்னாப்ஷாட்களை ஒப்பிட்டால், மிகுந்து நிற்கும் டெக்ஸ்சர்கள் பெயருடன் வரிசைகட்டும். கண்டறியும் கருவி என்ற வகையில் குறைசொல்ல இடமில்லாத வேலை அது. ஆக, ஒழுங்குடன் எழுதுபவருக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கை மொழியோ கம்பைலரோ வற்புறுத்துவதில்லை. டாட்நெட்டில் பழகிய 'டிஸ்போஸ்' முறையைக்கூட இங்கே பொருத்தவில்லை என்பது என் முதன்மையான குற்றச்சாட்டு.

பரிந்துரைக்கப்படும் மாற்று வழியும் அரைகுறையே. 'மெட்டீரியல் ப்ராபர்ட்டி பிளாக்' நகல் எடுக்காமல் நிறத்தை மாற்றித் தருகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் பொருள், வரைதலை வேகப்படுத்தும் எஸ்ஆர்பி பேட்சருக்கு வெளியே போய்விடும். யூஆர்பி ரெண்டர் பைப்லைனில் வேகம் வேண்டுபவர் மீண்டும் தனித்தனி மெட்டீரியல்களுக்கே திரும்புகிறார். அவற்றை யார் அழிப்பது என்ற பழைய கணக்கு மறுபடி திறக்கிறது.

எனவே என் தீர்ப்பு: நோயறிதலில் யூனிட்டி தேர்ந்தது, உரிமைப் பங்கீட்டில் தேறவில்லை. நகல் எடுக்கும் செயலை, நகல் என்ற சொல் பெயரிலேயே தெரியும் ஒரு மெத்தடாக மாற்றினால் கசிவின் பெரும்பகுதி எழுதும்போதே பிடிபட்டுவிடும். பழைய நிரல்கள் உடையும் என்ற அச்சத்துக்குப் படிப்படியான விலக்கல் போதும். அதுவரை எச்சரிக்கையையாவது சீராக்க வேண்டும்: எடிட் நிலையில் சிவப்பாக எச்சரிக்கப்படும் அதே வரி, ப்ளே நிலையில் ஒரு சொல்லும் எழாமல் ஓடுகிறது.