கேலிச் சித்திரமும் தோட்டத்துத் தமிழரும்

எழுத்தைப் போற்றும் நம்மவர் சித்திரத்தை, அதிலும் கேலிச் சித்திரத்தை, ஒரு கலையென மதிப்பதில்லை. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிப் பூப்போடுகிறவர், அப்புத்தகத்தின் ஓரத்தில் பிள்ளை ஒரு மனிதத் தலையை வரைந்திருக்கக் கண்டால் பிள்ளையின் தலையில் குட்டுகிறார். பாட்டுக் கட்டினால் புலவன். கதை எழுதினால் ஆசிரியன். படம் வரைந்தால் வேலையற்றவன். கேலிப் படம் வரைந்தாலோ மரியாதை அறியாதவன். நம் வீடுகளிலும் லயங்களிலும் இன்றளவும் வழங்கும் தீர்ப்பு இதுவே. இத்தீர்ப்பு நியாயந்தானா என்று ஆராய்வதற்கு, நாம் வாழும் இந்நாட்டிலேயே பிறந்து, பேனாவையும் மையையுமே ஜீவனமாகக் கொண்டு, உலகறிய உயர்ந்த ஒருவரின் உழைப்பையும் நூல்களையும் எடுத்துக்கொள்வது தக்கதாகும். அவரே லாட் என்னும் பெயரால் வழங்கும் மலாய்ச் சித்திரக்காரர்.

லாட்டின் இயற்பெயர் முகமது நோர் காலிட். 1951-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ந் தேதி, பேராக் மாநிலத்துக் கோப்பெங் அருகிலுள்ள ஒரு கம்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் உருண்டை முகமாயிருந்தமையால், உருண்டை எனப் பொருள்படும் ‘புலாட்’ என்னும் மலாய்ச் சொல்லால் வீட்டார் அழைத்தனர். அச்சொல்லின் வாலே பிற்காலத்தில் உலகறிந்த பெயராயிற்று. தந்தையார் இராணுவ இலாகாவில் ஒரு கிராணி. அரண்மனையும் ஆஸ்தியும் உள்ள குடும்பமன்று. நம்மில் பலருடைய வீட்டைப் போன்ற வீடே.

இவருக்குப் பதின்மூன்று வயதானபோது, 1964-இல், ‘திகா செகாவான்’ என்னும் முதற் படக்கதைப் புத்தகம் வெளிவந்தது. மூன்று நண்பர்கள் என்பது அதன் பொருள். அனுப்பியவர் வயது வந்தவர் என்றெண்ணிப் பிரசுரகர்த்தர் 25 வெள்ளி சன்மானம் கொடுத்தார். அக்காலத்தில் ரெஜப்ஹாட் என்னும் மூத்த கேலிச் சித்திரக்காரர் மலாய்ப் பத்திரிகைகளில் புகழ்பெற்று விளங்கினார். சிறுவனாகிய லாட் அவருக்குக் கடிதம் எழுதி வந்தார். அதனினும் பெரிய சங்கதி, லாட்டின் தாயாரே தம் மகனுக்கு இத்தொழிலில் வழிகாட்ட வேண்டுமென்று அவரைக் கேட்டுக்கொண்டதாகும். கம்பத்தில் வாழ்ந்த ஒரு தாய், தன் பிள்ளை கிறுக்குகிறான் என்று கோலை எடுக்காமல், கிறுக்குவதில் தேர்ந்த ஒருவரின் உதவியை நாடினார். இவ்வொரு செய்கையை நம் தாய்மாரும் தந்தைமாரும் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

1968-இல், பள்ளிப் பருவம் முடியுமுன்னரே, ‘கெலுவார்கா சி மாமாட்’ என்னும் குடும்பக் கேலிச் சித்திரத் தொடர் ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு பத்திரிகையில் தொடங்கியது. வாரந்தவறாமல் 26 ஆண்டுகள் அது நடந்தது. வாரத்துக்கு ஒரு படமென்றால் எளிதெனத் தோன்றும். இருபத்தாறு ஆண்டுகள், காய்ச்சலென்றும் கலியாணமென்றும் சாக்குச் சொல்லாமல் மக்களைச் சிரிக்க வைப்பது எத்தகைய உழைப்பு என்பதை, நாள்தோறும் விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்பவர்கள் நன்கறிவார்கள். கலை என்பது அருள் வந்து ஆடுவதன்று. முறை தவறாது செய்யும் வேலை.

பள்ளியை விட்டதும் சித்திரக்காரர் உத்தியோகம் தேடிக் கோலாலம்பூர் சென்றார். அவ்வேலை காலியில்லை என்றனர். குற்றச் செய்தி சேகரிக்கும் நிருபர் வேலை கொடுத்தனர். போலீசு நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் அலைந்து திரிந்த அவ்வாண்டுகள் வீண்போயின என்று நாம் எண்ணவில்லை. அவருடைய பிற்காலப் படங்களிலே கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் தனித்த முகமும் தனித்த நிற்பும் உண்டு. மனிதரைத் தெருவிலே நின்று பார்த்தவன் கண்ணுக்கே அது வாய்க்கும்.

1974-இல் ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த ‘ஏசியா மேகசின்’ பத்திரிகையில், மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த ‘பெர்சுனாட்’ என்னும் சித்திரத் தொகுதி வெளியாயிற்று. தம் காரியாலயத்திலேயே நிருபராகத் திரிந்த வாலிபனின் திறம், வெளிநாட்டுப் பத்திரிகையைக் கண்ட பின்னரே ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அதிபர்களுக்குப் புலனாயிற்று. உடனே அவருக்கென்று சித்திரக்காரர் பதவியொன்றை ஏற்படுத்தினர். லண்டனுக்கு அனுப்பிச் சில மாதம் சித்திரப் பள்ளியிலும் பயில வைத்தனர். 1984-இல் அவ்வேலையை விட்டுத் தாமே தமக்கு எசமானரானார். 1994-இல் பேராக் சுல்தான் டத்தோ பட்டம் வழங்கினார். 2002-இல் சப்பான் நாட்டு ஃபுகுவோகா ஆசியப் பண்பாட்டுப் பரிசும் கிடைத்தது. இசையிலும் அவருக்குப் பெரும் பிரியம் உண்டு; கித்தார் வாசிப்பார். தொழில் தோழர்களை மறந்தவருமல்லர். 1990-களின் தொடக்கத்தில் கேலிச் சித்திரக்காரர் சங்கம் அமைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

இனி அவருடைய நூல்களுக்கு வருவோம். 1979-இல் வெளிவந்த ‘கம்போங் பாய்’, அதாவது ‘கம்பத்துப் பையன்’, அவருடைய நூல்களுள் தலையாயது. ஏட்டைத் திறந்ததும் பிறப்பு. மருத்துவச்சியாகிய பாட்டியே பேரனைக் கையிலேந்துகிறாள். முடியிறக்கும் சடங்கு, குர்ஆன் ஓதும் பள்ளி, ஆற்றில் குளிப்பு, மீன்பிடி, சுன்னத்து, கலியாணம் என்று ஒரு பிள்ளையின் வளர்ச்சியோடு ஊரே வளர்கிறது. கட்டங் கட்டமாகப் பிரிக்கும் வழக்கத்தை விட்டு, பக்கம் முழுதும் பரந்த படமும் அதன் அருகே கையெழுத்து வாசகமுமாக நூல் நடக்கிறது. கதாநாயகனுக்கோ பரட்டைத் தலை, மூன்று வளைவான மூக்கு. தம்மையே முதலில் விகாரமாக வரைந்துகொண்டவர், பிறகு பிறரை வரையும் உரிமையைப் பெறுகிறார். இதுவே லாட்டின் கேலியின் முதல் விதி என்று நாம் கொள்கிறோம்.

இரண்டாவது விதி, எவரையும் தாழ இருத்திப் பார்ப்பதில்லை என்பது. சுன்னத்துக்காக வாழைத் தண்டின்மேல் உட்காரும் பையனின் அச்சத்தைப் பார்த்து நகைக்கிறோம். ஆயினும் அவனுடைய மார்க்கத்தையோ வழக்கத்தையோ பார்த்து நகைக்கவில்லை. அந்நிலையில் நாமும் அவ்வாறே விழித்திருப்போம் என்ற எண்ணமே நகைப்பாக வெளிப்படுகிறது.

மூன்றாவதாக, இந்நூலின் இனிமைக்குள்ளே ஒரு கசப்பு மறைந்திருக்கிறது. கம்பத்தின் அருகிலேயே ஈயம் தோண்டும் இயந்திரக் கப்பல் இரைந்துகொண்டிருக்கிறது. பையன் தோழர்களோடு அங்குச் சென்று மண்ணை அலசி ஈயம் பொறுக்கி அகப்பட்டுக்கொள்கிறான். தந்தை அவனை ரப்பர் நிலத்துக்கு அழைத்துச் சென்று, படித்து முன்னேறு என்று புத்தி சொல்லுகிறார். அவன் ஈப்போவுக்குப் படிக்கப் புறப்படும் காலத்தில், அந்நிலத்தின்மீதே ஈயக் கம்பெனியின் கண் விழுந்துவிட்ட செய்தியும் வருகிறது. வாசகன் சிரித்துக்கொண்டே வந்தவன், கடைசி ஏட்டில் ஒரு கணம் வாய்மூடி நிற்கிறான். போகப்போகிற ஊரை, போகுமுன் ஒருவன் முழுதும் வரைந்து வைத்தான் என்பதே இந்நூலின் பெருமை.

1981-இல் வந்த ‘டவுன் பாய்’ அப்பையனை ஈப்போ பட்டணத்தில் காட்டுகிறது. அங்கே அவனுக்கு வாய்க்கும் உயிர்த்தோழன், காப்பிக்கடை வைத்திருக்கும் சீனரின் மகனாகிய ஃபிராங்கி. இருவரையும் பிணைப்பது மேனாட்டு ஆட்டப்பாட்டு இசைத்தட்டு. இனங்களின் ஒற்றுமையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுவோர் உண்டு. லாட் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, இரு பையன்களை வெறுங்கையால் கித்தார் வாசிப்பதுபோல் ஆடவைத்து, அதே காரியத்தைச் சாதித்துவிடுகிறார்.

இவர்மீது சொல்லத்தக்க குறை இல்லையோ எனின், உண்டு. அதிகாரத்திலுள்ளோரையும் அவர் வரைந்திருக்கிறார். டாக்டர் மகாதீரைப் பல்லாண்டு வரைந்தார். ஆயினும் அவர் பேனா குத்துவதைவிடக் கூச்சங்காட்டுவதே அதிகம். இனத்தையும் மதத்தையும் புண்படுத்தும் பொருளைத் தொடுவதில்லை என்பது அவருடைய நியமம். இதே நாட்டில் சுனார் என்னும் சித்திரக்காரர் ஆட்சியை நேருக்குநேர் சாடினார். 2015-இல் அவர்மீது தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் 9 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2018-இல் அவை கைவிடப்பட்டன. ஆகவே, அநியாயத்தைக் கண்டவிடத்து லாட்டின் சிரிப்பு மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது என்பதனால் அம்மருந்தைக் கீழே கொட்டிவிடுவார் எவருமிலர்.

தமிழருக்கு இக்கலை அந்நியமா? அன்று. 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில், அரசியல் கேலிச் சித்திரங்களைப் பாரதியார் துணிந்து வெளியிட்டுத் தமிழுக்கு வழிகாட்டினார். இலங்கையிலே சுந்தர் என்னும் சிவஞானசுந்தரம் 1963-இல் ‘சிரித்திரன்’ என்ற பத்திரிகையையே தொடங்கி, சவாரித் தம்பர் முதலிய பாத்திரங்களால் யாழ்ப்பாணத்தாரின் டம்பத்தை அவர்களுடைய பேச்சிலேயே அவர்களுக்குக் காட்டினார். தம் ஊராரைத் தம் ஊர் வழக்கிலேயே சிரிக்க வைத்த வகையில் சுந்தரும் லாட்டும் ஒரே குலத்தவர்.

இவ்விடத்தில் நம் தோட்டங்களை நோக்குவோம். கம்பத்தை லாட் வரைந்தார். தோட்டத்தை அதுபோல வரைந்த நூல் எது? கோத்தா திங்கி வட்டாரத்திலே பால்மரம் நின்ற மேடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்களில் பல இடிக்கப்பட்டன. குடிகள் உலு திராமுக்கும் பாசிர் கூடாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்விட்டனர். நெற்றி விளக்கோடு இருட்டில் மரம் தேடிய பெண், மங்கைக் கவிழ்த்து ஒட்டுப்பால் சேர்த்த சிறுவன், ஆயாக் கொட்டகையின் தூளி வரிசை, தீமிதித் திருவிழாவில் கடன் வாங்கிக் கொட்டு முழக்கிய கங்காணி, இவர்கள் எங்கே? லாட்டின் படத்திலே அந்த ஈயக் கப்பல் நிலைத்துவிட்டது. நம்மைத் தின்ற கப்பலுக்கோ படமில்லை.

கேலியில் நாம் இடம்பெறவில்லை என்று சொல்ல முடியாது. இடம்பெற்ற விதமே வெட்கத்துக்குரியது. நம் சினிமாக்களும் மேடை நாடகங்களும் கறுத்தவனைக் கறுப்பென்றும், திக்குவாயனைத் திக்குவாயென்றும், தோட்டத்தானைக் குடிகாரனென்றும் காட்டிச் சிரிக்கச் சொல்லுகின்றன. நாமும் சிரிக்கிறோம். மேலிருப்பவனைப் பார்த்துச் சிரிக்க அஞ்சுகிறவன், கீழிருப்பவனைப் பார்த்துச் சிரித்து அந்த அச்சத்தைத் தீர்த்துக்கொள்கிறான். சாதித் திமிரும் நிற வெறியும் கோவிலிலிருந்து விரட்டப்பட்டால் கொட்டகைக்குள் வந்து ஒளிந்துகொள்கின்றன. இந்த நகைச்சுவையையும் லாட்டினுடையதையும் ஒரே பெயரால் அழைப்பது தகாது.

நாம் கண்ட ஒன்றைச் சொல்லி முடிப்போம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துப் பால் ஸ்டோரின் பின்சுவரில், மண்டோரின் உருவத்தைக் கரித்துண்டால் எவனோ வரைந்திருந்தான். தொப்பி, தொந்தி, தொங்கும் மீசை எல்லாம் அச்சாக இருந்தன. அருகே ஒரு கிராணியும் நின்றான். காதிலே பென்சில், கையிலே கணக்குப் புத்தகம், முகத்திலே துரை வருகிறாரோ என்ற கவலை. பால் நிறுக்க வந்த ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். மறுநாள் சுவருக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. வரைந்த சிறுவனை, எவரும் சொல்லுமுன்னரே, வேலை போய்விடுமோ என்ற பயத்தால் தகப்பன் அடித்தான். அச்சிறுவன் இன்று லாரி ஓட்டுகிறான். அத்தொழிலில் இழிவொன்றுமில்லை, ஆயினும் அவன் கை மறுபடி கரித்துண்டைத் தொட்டதாக நாம் அறியோம். அந்தக் கிராணியின் படத்தைக் கண்டு அன்று நமக்குச் சினமே உண்டாயிற்று. காதில் பென்சில் செருகும் வழக்கம் நம்முடையது. இன்று, அச்சுவரில் சுண்ணாம்பு பூசியபோது பேசாதிருந்த நம் வாயை நினைத்தே வெட்கப்படுகிறோம்.

இந்நாட்டிலே 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை கைகள் கரித்துண்டை ஏந்தத் தவிக்கின்றனவோ! ஆசிரியன்மார் கணக்கு நோட்டின் ஓரத்திலுள்ள படத்தைச் சிவப்பு மையால் அடிக்குமுன் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். பத்திராதிபர்கள் கவிதைப் போட்டிக்கு ஒதுக்கும் பரிசில் பாதியைச் சித்திரத்துக்கும் ஒதுக்கட்டும். பெற்றோர், ரெஜப்ஹாட்டின் உதவியை நாடிய அந்தக் கம்பத்துத் தாயை நினைக்கட்டும். தோட்டத்திலே பிறந்து முதிர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் சொல்லுவார்கள். அவர்கள் இருக்கும்போதே வரைய வேண்டும்.

அப்படி ஒருவன் வரையப் புறப்பட்டால், அவன் படத்தில் கிராணி கோமாளியாக வரட்டும். முதலில் சிரிப்பவர்கள் நாமாக இருப்போம்.