தெளிந்தபின் ஐயம்: குறளின் இரு அதிகாரங்களும் கல்லூரி நிர்வாகமும்

திருக்குறளின் 51, 52ஆம் அதிகாரங்களான தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகியவை மேலாண்மை நோக்கிலான கட்டுரைகளில் பெரும்பாலும் ஆள்தேர்வுக்கான வழிகாட்டியாகச் சுருக்கப்படுகின்றன. 510ஆம் குறள் இவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை. ஆராயாது ஒருவரை நம்புதல், நம்பி ஏற்றபின் அவரை ஐயுறுதல் ஆகிய இரண்டையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. முதற்பிழை தேர்வு நாளில் நிகழ்வது. இரண்டாவது பணிக்காலம் முழுதும் நீள்வது.

தமிழக அரசுக் கலைக்கல்லூரிகளில் இரண்டாம் பிழை நடைமுறையாகவே ஊன்றிவிட்டது. நிரப்பப்படாத பணியிடங்களின் சுமையைக் கௌரவ விரிவுரையாளர்களே தாங்குகின்றனர். இத்தகையோர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் வரையறுத்தது. பெயரில் கௌரவம் உண்டு, பணியுறுதிதான் இல்லை. பல்லாண்டு கற்பித்தவரும் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தலை எதிர்நோக்க வேண்டியுள்ளது. அந்நிலையில் உள்ளவர் துறைக்கூட்டத்தில் மாற்றுக்கருத்துக் கூறுவது அரிது.

நாள்தோறும் ஆராயுமாறு கூறும் 520ஆம் குறள் இங்கு எதிர்வாதமாக எடுத்துக்காட்டப்படலாம். ஆனால் அங்கே ஆராயப்படுவது வினைசெய்வார் முறை தவறுகின்றனரா என்பதே. அவர்தம் தகுதி அன்று. தகுதி முன்னரே தெளியப்பட்டது. ஆண்டுதோறும் அதனை மீண்டும் ஐயத்துக்கு உள்ளாக்குவது கண்காணிப்பு ஆகாது.

கண்காணிப்பின் கருவியும் எண்ணத்தக்கது. கெலமங்கலம் முதலிய எல்லைப்புற ஊர்களிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் பயில வருவோருள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர் உளர். அவர்க்குத் தமிழ்ப்பாடத்தை அவர்தம் வீட்டுமொழி வழியே விளக்க ஓர் ஆசிரியர் செலவிடும் மாலைப்பொழுது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. 2010இல் மானியக்குழு புகுத்திய செயல்திறன் மதிப்பெண் முறை கருத்தரங்குகளையும் வெளியீடுகளையும் எண்ணியது. கல்லூரி ஆசிரியர்க்கு அது 2018இல் கைவிடப்பட்டது. அத்தகைய உழைப்பை அறிய உடன் பணியாற்றும் தலைவரின் கண்ணே வேண்டும். அக்கண்ணும் பிறர் சொல்லால் திரியக்கூடும். 519ஆம் குறளுக்கு உரை காணும் பரிமேலழகர், முயற்சியுடையான் உரிமையோடு பழகுவதைப் பொறாதார் சொற்கேட்டு மாறாகக் கருதும் அரசனையே சுட்டுகிறார். கல்லூரி அலுவலகம் அறிந்தார்க்கு இவ்வுரை புதிதன்று.

இனி, தலைவரின் நிலை. பணிக்கு உரியவர் எனக் கண்டபின் ஒருவரை அதற்கு உரிமையுடையவராகவே ஆக்குமாறு 518ஆம் குறள் கூறுகிறது. ‘பொறுப்பு’ முதல்வர்க்குப் பணி உண்டு. அவ்வுரிமை முழுமையாக இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அவ்விடம் உடனே நிரப்பப்படாமல் நிர்வாகம் குழுவின் கைக்குச் சென்றது. கீழுள்ளவர் ஆணைக்குக் காத்திருப்பதுபோல மேலுள்ளவரும் ஆணைக்குக் காத்திருக்கிறார்.