வாகையும் ஆள்வினையும் எண்ணமும்

வெற்றி என்னும் சொல் இந்நாளில் பிறரை முந்துதலையும் பொருளும் புகழும் ஈட்டுதலையுமே பெரிதும் குறித்து வழங்குகின்றது. பழந்தமிழ் நூல்கள் கொண்ட கருத்து இஃதன்று. அது காலந்தோறும் மாறிய வகையைச் சுருங்கக் காண்போம்.

தொல்காப்பியர் கூறும் வாகைத்திணை, போர் வென்றார்க்கு மட்டும் உரியதன்று. பார்ப்பனர், அரசர், ஏனோர், அறிவர், தாபதர், பொருநர் முதலியோர் தத்தம் துறையில் மேம்படுதலே ஆண்டு வாகை எனப்படும். ஒருவன் வெல்லப் பிறனொருவன் தோற்கவேண்டும் என்னும் இன்றியமையாமை அதன்கண் இல்லை. ஆயினும், அவரவர்க்கு வகுத்த கூற்றினைக் கடந்து செல்லுதற்கும் அதன்கண் இடமில்லை. இஃது அக்கொள்கையின் குறை என்க.

வள்ளுவர் இவ்வெல்லையைக் கடக்கின்றார். 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலியைக் கூறியவர், 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராது முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்கின்றார். இதனை முரண் என்பாரும் உளர். அவ்வதிகாரத்து எட்டாம் குறளை நோக்கின் முரணின்மை விளங்கும். நல்லூழ் வாயாமை ஒருவற்குப் பழியன்று. முயலாமையே பழி என்பது அதன் கருத்து. பயன் ஊழின்பாற்படினும் படுக. பழியும் புகழும் முயற்சியின்பாற்பட்டனவே.

இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு கருத்துத் தமிழிற் புகுந்தது. எண்ணமே வாழ்வை ஆக்கும், ஆக்கமும் தோல்வியும் அவரவர் எண்ணத்தின் விளைவே என்னும் ஜேம்ஸ் ஆலனின் கொள்கையை, வ. உ. சிதம்பரம் பிள்ளை ‘மனம்போல வாழ்வு’ என்னும் மொழிபெயர்ப்பால் தமிழர்க்கு அளித்தார். இன்றைய தன்முன்னேற்ற நூல்கள் பலவும் இவ்வழிப்பட்டனவே.

உயர்ந்தனவே உள்ளுக என வள்ளுவரும் கூறினாராகலின், இரண்டும் ஒன்றே என்பர் சிலர். அது பொருந்தாது. ஊக்கமுடைமை அதிகாரத்து அக்குறளின் பிற்பகுதி, எண்ணியது கைகூடாவிடினும் அவ்வெண்ணம் இழிவாகாது என்கின்றது. கைகூடாமைக்கும் இடங்கொடுத்தே வள்ளுவர் எண்ணத்தைப் போற்றினார். புதுக்கொள்கையோ தோற்றவன் எண்ணத்தையே குற்றஞ்சாட்டுகின்றது.

இதற்கு மொழிபெயர்த்த பெருமகனார் வாழ்வே சான்று. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த அவர், 1908-இல் சிறை புகுந்து 1912-இல் விடுதலையுற்றார். அதற்குள் கம்பெனி வீழ்ந்தது. பின்னர் வறுமையும் சூழ்ந்தது. அவர்தம் எண்ணம் தாழ்ந்ததனால் இவை நேர்ந்தன எனத் துணிவார் யார்? ஆள்வோர் அடக்குமுறையும் அயல்நாட்டு வணிகரின் போட்டியுமே அவரை வீழ்த்தின. புதுக்கொள்கையின்படி அவர் தோற்றவர். வள்ளுவர் நெறியில் பழியற்றவர்.

தேர்வில் வீழ்ந்த மாணவனையும் விளைவிழந்த உழவனையும் நாம் எந்நெறியால் அளக்கின்றோம் என்பது எண்ணற்பாலது. முயற்சியைப் போற்றுதல் வேண்டும். முயன்று தோற்றாரைப் பழித்தல் தமிழ் மரபன்று.