வழக்குரைக்க வந்த இன்னொருத்தி: 'ஜெய் பீம்' படம் பற்றி ஓர் ஆய்வு

பொய்ப் பழி சுமந்து மாண்ட கணவனுக்காக ஒரு பெண் மன்றம் ஏறி நீதி கேட்ட வரலாறு தமிழருக்குப் புதிதன்று. கையில் ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் வாயிலில் நின்ற கண்ணகியை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அக்கதையைப் பட்டிமன்றங்களில் பேசியிருக்கிறோம், மேடைகளில் நடித்திருக்கிறோம், அவளுக்குச் சிலையும் எடுத்திருக்கிறோம். ஆனால் நம் காலத்திலேயே, தமிழ் மண்ணிலேயே, அதே வழக்கோடு வேறொருத்தி வந்து நின்றபோது அவளை நாம் அறிந்துகொண்டோமா? இக்கேள்வியை எழுப்பும் படம் 'ஜெய் பீம்'. த. செ. ஞானவேல் எழுதி இயக்க, சூர்யாவும் ஜோதிகாவும் தயாரித்து, 2021 நவம்பரில் வெளிவந்த இப்படம், கொட்டகைக்குச் செல்லாமல் இணையவழி வீட்டுத் திரைகளுக்கே நேரே வந்தது. அது வெளிவந்த காலமும் கருதத்தக்கது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்ட செய்தியால் தமிழகம் கொதித்தது. அந்தப் புண் ஆறுமுன் இப்படம் வந்தது.

நிகழ்ந்ததும் படமும்

படத்திற்கு அடிப்படை ஓர் உண்மை வழக்கு. 1993ஆம் ஆண்டில், இன்று கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த முதனை என்னும் ஊரில் வாழ்ந்த ராசாக்கண்ணு என்பவர் நகைத் திருட்டுப் பழியின்பேரில் கம்மாபுரம் போலீசாரால் பிடிக்கப்பட்டார், திரும்பவில்லை. 'காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டான்' என்றனர் போலீசார். அவர் மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தார். வழக்கை நடத்தியவர் கே. சந்துரு, பின்னாளில், 2006 முதல் 2013 வரை, அதே உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். காவலில் கொலையே நடந்தது என்பது வெளிப்பட்டது. குற்றம் புரிந்த போலீசார் தண்டனை பெறப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

படம் இதனை 1995இல் நிகழ்வதாக அமைத்து, ராசாக்கண்ணுவை இருளர் குடியினன் ஆக்குகிறது. வயல் வரப்பில் எலி பிடித்தும், வீடுகளில் புகுந்த பாம்பைப் பிடித்தும், செங்கல் சூளையில் உழைத்தும் வாழ்பவன் அவன். செல்வர் ஒருவர் வீட்டில் பாம்பு பிடிக்கச் செல்கிறான். பின்னர் அவ்வீட்டில் நகை களவு போகிறது. பாம்பு பிடிக்க வந்தவனைத் தவிர வேறு யாரை ஐயுறுவது? அவன் உடன்பிறந்தாரும் கருவுற்றிருந்த மனைவி செங்கேணியும் காவல் நிலையத்திற்கு இழுத்துச் செல்லப்படுகின்றனர். பிறகு அவனும் அகப்படுகிறான். ஓர் இரவுக்குப் பின் மூவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. செங்கேணி ஓர் ஆசிரியையின் துணையுடன் வழக்கறிஞர் சந்துருவை நாடுகிறாள். ஆட்கொணர்வு மனு தாக்கலாகிறது.

முகமே சாட்சியாகும்போது

சிலப்பதிகாரத்தின் கொலைக்களப் பகுதியை ஒருமுறை நினைவு கூர்வோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி விழுந்தது கோவலன்மீது. கொல்ல வந்த காவலருள் ஒருவன் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறான். உடனே பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் எட்டு வகைத் துணைகளைப் பற்றி ஒரு நீண்ட விரிவுரையே ஆற்றுகிறான். காவலர் குழம்பி நிற்க, குடிவெறி கொண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மன்னன் வாயிலிருந்து விரைவில் வந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று.

ராசாக்கண்ணுவின் நிலை இதனினும் கொடியது. கோவலன் வணிகர் குலத்துச் செல்வன். அவன் முகத்தைப் பார்த்துத் தயங்க ஒரு காவலனேனும் இருந்தான். ராசாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்துத் தயங்குவார் ஒருவரும் இல்லை. அந்த முகமே, அந்தக் குடிப்பெயரே, அவனுக்கு எதிரான சாட்சி! இதனைப் படத்தின் முதற்காட்சியே சொல்லிவிடுகிறது. சிறை வாயிலில் விடுதலையாகி வருவோரை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் சாதி கேட்கப்படுகிறது. சில பெயர்களைச் சொன்னவர் வீட்டிற்குப் போகலாம். குறவர், இருளர் போன்ற பெயர்களைச் சொன்னவர் தனியே நிறுத்தப்பட்டு, பல காவல் நிலையங்களின் முடிவு பெறாத வழக்குகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்படுகின்றனர், சந்தையில் ஆடு மாடு பிரிப்பதைப்போல. கதை தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பதை வசனமின்றி உணர்த்தும் இக்காட்சி, தமிழ்ப்படத் தொடக்கங்களுள் மிகச் சிறந்த ஒன்று எனத் தயங்காமல் கூறலாம்.

உண்மைத் திருடனுக்கும் போலீசாருக்கும் இடையே இருந்த உடன்பாடு பின்னால் வெளிப்படுகிறது. பொற்கொல்லன் இன்றும் இருக்கிறான். அவன் காவலரோடு கூடியே இருக்கிறான் என்று படம் நமக்குச் சொல்லாமற் சொல்கிறது.

ஆட்கொணர்வு என்னும் சொல்

ஆட்கொணர்வு மனு என்பதன் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 'இந்த ஆளை உங்கள் காவலில் வைத்திருக்கிறீர்கள்; அவனை நீதிமன்றத்தின்முன் கொண்டுவந்து நிறுத்துங்கள்' என்பதே அதன் கோரிக்கை. கண்ணகிக்குக் கோவலனின் உடலாவது கிடைத்தது. செங்கேணிக்கோ கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது. அழுவதா, காத்திருப்பதா என்று அறியாத துயர் அவளுடையது.

இத்தகைய மனுவில் சாட்சிகளை விசாரிக்கும் வழக்கமில்லை என்ற தடை எழும்போது, சந்துரு கேரளத்து ராஜன் வழக்கை மேற்கோள் காட்டுகிறார். இந்திய நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு வட்டாரப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் போலீசாரால் பிடிக்கப்பட்டு மறைந்தார். அவர் தந்தை ஈச்சர வாரியர் 1977இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். பிடிக்கவேயில்லை என்று அரசு மறுத்தது. நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்து, மாணவர் காவலில் இருந்தது உண்மையே என முடிவு செய்தது. அதன் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் மட்டும் தந்தைக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இத்துயரை நினைவூட்டும் மலையாளப் படம் ஒன்று உண்டு: ஷாஜி என். கருண் இயக்கிய 'பிறவி' (1988). அதில் ஒரு முதிய தந்தை மகன் வருவான் என்று நாள்தோறும் பேருந்தை எதிர்நோக்கிக் காத்திருக்கிறார். அடியும் இல்லை, குருதியும் இல்லை. காத்திருத்தல் ஒன்றே படம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் 'ஜெய் பீ'மின் வலிமையும் தெரியும், குறையும் தெரியும்.

நடிப்பு

செங்கேணியாக வரும் லிஜோமோள் ஜோஸ் மலையாள நாட்டு நடிகை. அது நமக்கு ஓரிடத்திலும் நினைவு வரவில்லை. நடையும், குந்தி அமரும் விதமும், அதிகாரிகளின் முன்னே கண்ணைத் தாழ்த்தாமல் நிற்கும் நிலையும் அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதைக் காட்டுகின்றன. வழக்கைக் கைவிட்டால் பணம் தருவதாக மேலதிகாரி ஆசை காட்டும் காட்சியில், கொன்றவர் தந்த பணத்தில் பிள்ளைகளை வளர்த்தோம் என்ற பெயர் வேண்டாம் என்று அவள் மறுக்கும்போது குரல் உயரவில்லை. உயராததனாலேயே நம் நெஞ்சில் தைக்கிறது.

மற்றொரு காட்சி. விசாரணை என்ற பெயரில் பிடித்துச் சென்ற செங்கேணியை, மேலிடத்து உத்தரவு வந்ததும் மரியாதையாக வீடு சேர்க்கப் போலீசார் வண்டியில் ஏறச் சொல்கின்றனர். அவள் ஏறவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். போலீஸ் வண்டி பின்னே ஊர்ந்து வருகிறது, ஊரார் பார்க்கின்றனர். கண்ணகி ஊரை எரித்தாள். இவள் எதையும் எரிக்கவில்லை, நடந்தாள், அவ்வளவே. அந்த நடையில் எரிந்தது காவல் நிலையத்தின் ஆணவம்.

ராசாக்கண்ணுவாக நடித்த மணிகண்டன் மனைவியிடம் கனிவும், அடிபடும்போது செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாத உறுதியும் காட்டி நிற்கிறார். சூர்யா பாட்டும் சண்டையும் இன்றி அடங்கி நடித்திருப்பது பாராட்டத்தக்கது. எஸ். ஆர். கதிரின் ஒளிப்பதிவும் ஷான் ரோல்டனின் இசையும் கதைக்கு ஏவல் செய்கின்றன, கதையை ஏவவில்லை.

குறைகள்

நல்ல படம் என்பதால் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, குடி மாற்றம். உண்மையில் மாண்டவர் குறவர் குடியினர். இது பெயர் மாற்றம் மட்டுமன்று. வெள்ளையர் ஆட்சி 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பின்னர்ச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, குறவர் உள்ளிட்ட பல குடிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரையிட்டது. விடுதலைக்குப்பின் சட்டம் நீங்கியது. காவல் நிலையத்தின் பழக்கம் நீங்கவில்லை. 'களவு நடந்தால் குறவனைப் பிடி' என்னும் அப்பழக்கமே ராசாக்கண்ணுவைக் கொன்றது. இருளர் பட்ட துன்பமும் பெரிதே. அவர்களைத் திரையில் கொண்டுவந்தது நற்பணியே. பாம்பின் நஞ்செடுத்து மருந்துக்கு உதவ, 1978இலேயே கூட்டுறவுச் சங்கம் கண்ட மக்கள் அவர்கள். எனினும், ஒரு மக்களின் துயரைச் சொல்ல மற்றொரு மக்களின் வழக்கை எடுத்துக்கொண்டபோது, அவ்வழக்கின் வேர் மண்ணோடு அறுபட்டுவிட்டது. படம் வந்தபின் சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியைப் பற்றிப் பெரும் பூசல் எழுந்தது. படத்தார் அதனை மாற்றினர். பேசியிருக்க வேண்டிய குறவர் செய்தி அந்த ஆரவாரத்தில் அமுங்கிற்று.

இரண்டாவது, அடி பற்றிய இரட்டை நாக்கு. உண்மையை நாடும் நல்ல அதிகாரியாகப் பிரகாஷ்ராஜ் வருகிறார். விசாரணையின்போது, இந்தியில் பேசும் ஒருவரை அவர் கன்னத்தில் அறைந்து தமிழில் பேசச் சொல்கிறார். பார்ப்போர் சிலர் கைதட்டக் கூடும். ஆனால் போலீசார் கை நீட்டுவது தவறு என்று இரண்டரை மணி நேரம் வாதாடும் படத்தில், நமக்குப் பிடித்த காரணத்திற்காக ஓங்கிய கை மட்டும் நல்ல கையாகிவிடுமா? அந்த ஓர் அறை படத்தின் வாதத்தையே அறைந்துவிட்டது.

மூன்றாவது, குரல் யாருடையது என்பது. கண்ணகிக்கு வழக்கறிஞர் இல்லை. அவளே உரைத்தாள், அவளே சிலம்பை உடைத்தாள். பாண்டியனும் தன் பிழையை ஏற்று உயிர் துறந்தான். இக்கால மன்றத்தில் ஏழை தானே பேச வழியில்லை. சட்டம் அறிந்தவர் துணை வேண்டும். அது உண்மை. ஆயினும் படத்தின் பிற்பாதியில் சந்துரு பெருகப் பெருகச் செங்கேணி சிறுக்கிறாள். ஒரு சந்துரு கிடைக்காத செங்கேணிகளின் கதி என்ன என்ற கேள்வியைப் படம் எழுப்பாமலே முடிந்துவிடுகிறது. வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) இவ்விடத்தில் கடுமையானது. மு. சந்திரகுமார், ஆந்திரத்தில் காவல் நிலையத்தில் தாம் பட்டதை எழுதிய 'லாக்கப்' நூலினின்று பிறந்த அப்படத்தில் மீட்பர் எவரும் வரமாட்டார். 'விசாரணை' நம்மைத் தூங்க விடவில்லை. 'ஜெய் பீம்' நம்மைத் தேற்றி அனுப்புகிறது.

அடிக்கும் காட்சிகள் நீண்டுவிட்டன என்பாரும் உளர். நாம் அவ்வாறு கூறோம். ஆனால் 'பிறவி'யில் அடியே காட்டப்படாமல் அடி விழுந்தது என்பதை இயக்குநர் எண்ணிப் பார்க்கலாம்.

முடிவாக

1996இல் இந்திய உச்சநீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில் கைது பற்றிய விதிகளை வகுத்தது. கைது செய்யும் அதிகாரி பெயர்ப் பட்டை அணிய வேண்டும்; கைதின் குறிப்பை எழுதிச் சாட்சியின் ஒப்பம் பெற வேண்டும்; உறவினருக்கு அறிவிக்க வேண்டும்; 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். விதிகள் நன்று. அவ்விதிகள் பிறந்து 23 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே சாத்தான்குளம் நிகழ்ந்தது. ஆகவே விதி மட்டும் போதாது. விதி மீறப்பட்டதா என்று கேட்கும் மக்களும் வேண்டும். அப்படிக் கேட்கக் கற்றுத் தருவதே இத்தகைய படங்களின் பயன்.

படத்தின் இறுதியில், செங்கேணியின் சிறுமகள் வழக்கறிஞரின் எதிரே நாற்காலியில் அமர்ந்து, அவரைப் போலவே கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளை விரிக்கிறாள். சற்றுத் தயங்கி அவரைப் பார்க்கிறாள். அவர் தலையசைக்கிறார். இனிமையான காட்சி. ஆனால் அக்குழந்தை செய்தித்தாளில் எதைப் படிப்பாள்? 'காவலில் ஒருவர் மரணம்' என்ற செய்தியையா? அவள் வளர்ந்து படிக்கும் நாளில் அச்செய்தி இல்லாதிருக்க வேண்டும். இருந்தால், தலையசைப்புக்குக் காத்திராமல் அவளே எழுந்து வழக்குரைக்க வேண்டும். அன்றுதான் கண்ணகிக்கு நாம் எடுத்த சிலைகளுக்குப் பொருள் உண்டாகும்.