மரை முதலில், அளவுகோல் பிறகு

ஐஜெம் என்னும் செயற்கை உயிரியல் போட்டியில் சேரும் மாணவர் அணிகளுக்குப் பல ஆண்டுகள் ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்தது. உள்ளே பிளாஸ்டிக் தட்டு. அதில் 384 குழிகள். குழிக்கு ஒரு டி.என்.ஏ. துண்டு, உலர்ந்த நிலையில். பத்து மைக்ரோலிட்டர் நீர் விட்டால் சாயம் கரைந்து சிவக்கும். செயற்கை உயிரியலின் உதிரிபாகக் கடை அதுதான்.

கடைக்கு விதி வகுத்தவர் எம்.ஐ.டி.யின் கணினிப் பொறியாளர் டாம் நைட். எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் ஏற வேண்டுமானால் மரை ஒரே அளவில் இருக்க வேண்டும். அதுபோல 2003-இல் மரபணுத் துண்டுகளின் முனைகளை ஒரே மாதிரி ஆக்கினார். ‘பயோபிரிக்’ என்று பெயர். 2004-இல் ஐந்து அணிகளோடு தொடங்கிய போட்டியில் இன்று ஆண்டுக்கு 300-க்கும் மேற்பட்ட அணிகள்.

இந்த முறையின் பலம் பகிர்வு. காப்புரிமைக்கு முந்துகிற உயிரித் தொழில்நுட்பத்தில், எடுத்தவர் தன் பங்கையும் பொதுவில் வைத்துவிட்டுப் போவது அரிய பழக்கம். இந்தப் போட்டிக்காக 2006-இல் எடின்பரோ மாணவர்கள், வங்கதேசக் குழாய்க்கிணறுகளை மனத்தில் வைத்து, நீரில் ஆர்செனிக் இருந்தால் அமிலத்தன்மையை மாற்றிக் காட்டும் பாக்டீரியாவை உருவாக்கினார்கள். பட்டப்படிப்பு மாணவர்களின் ஒரு கோடைக்கால வேலை அது.

பலவீனம் மரையிலேயே இருந்தது. இரண்டு துண்டுகளை ஒட்டினால் நடுவே எட்டு எழுத்து நீளத்துக்கு ஒரு வடு விழும். அந்த வடுவுக்குள் ‘நிறுத்து’ என்னும் மரபுக் குறியீடு. ஆகவே இரண்டு புரதங்களை ஒன்றாக இணைக்க முதல் விதி இடமே தரவில்லை. புது விதிகள் எழுத வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் செல். ஒரு செல்லில் ஒழுங்காக ஓடிய பாகம் இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். கோடைக்குள் முடித்தாக வேண்டிய மாணவருக்குப் புதுப் பாகம் செய்ய நேரமிருக்கும். பழையதைச் சோதிக்க இருக்காது. கிடங்கு நிறைந்தது, நம்பிக்கை நிறையவில்லை.

குறையை உணர்ந்தவர்களும் இதே சமூகத்தினர்தான். ஒரு பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் செல்லின் ஒளிர்வை ஒவ்வொரு கருவியும் தன் கணக்கில் சொல்ல, ஆளுக்கொரு படி வைத்து நெல் அளந்த கதையாக இருந்தது. 2014 முதல் பல ஆய்வகங்கள் ஒரே சோதனையைச் செய்து ஒப்பிட்டன. 2018-இல் 244 ஆய்வகங்கள், எண்ணிக்கை தெரிந்த நுண்ணிய சிலிக்கா மணிகளைக் கொண்டு செல்களை எண்ணும் வழியைச் சரிபார்த்தன.

மேடையில் கைதட்டல் வாங்காத வேலை இது. ஆனால் அந்த 384 குழிகளில் இருப்பவை பொறியாளர் சொல்லும் பொருளில் ‘பாகங்கள்’ ஆவது, இப்படி அளந்து பார்த்த பிறகுதான்.