தொடும்போது ஓடும் கட்டளை

சிவகாசிப் பட்டாசுக் கடை ஒன்றை, ட்வைன் என்ற கதை எழுதும் மென்பொருளில், இணைப்புகளைத் தொட்டு நகரும் சொடுக்குக் கதையாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்குசக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு மூன்றுக்கும் ஒரே சுழற்சிதான் இணைப்புகளை அடுக்குகிறது. பெயர்கள் சரியாகத் தெரியும். எதைத் தொட்டாலும் கையில் ஒன்றும் வராது!

பெயர் எழுதப்படுவது சுழற்சி ஓடும்போதே. இணைப்புக்குள் இருக்கும் கட்டளையோ வாசகர் தொட்ட பிறகுதான் ஓடும். அதற்குள் 0, 1, 2 என எண்ணிய மாறி 3-இல் போய் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் சரக்கே இல்லை.

ட்வைனின் சுகர்கியூப் கதை வடிவத்தில் இதற்கென்றே 'கேப்சர்' என்ற கட்டளை உண்டு. வெடிக்கு வெடி தனித்திரி செருகுவதுபோல, ஒவ்வொரு இணைப்புக்கும் அந்தந்த நேரத்து எண்ணையே கட்டிக் கொடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் மாறியை அறிவிக்க 2015-இல் வந்த 'லெட்' இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. எனக்கென்னவோ கேப்சர்தான் பிடிக்கும்: எந்த மாறியைப் பிடித்து வைக்கிறோம் என்று நம் வாயாலேயே சொல்ல வைக்கிறது.