வீட்டில் உட்கார்ந்து ‘வீடு’ பாருங்கள்!

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மனை விளம்பரப் பலகை கண்ணில் படும். ‘ஜிஎஸ்டி சாலைக்கு மிக அருகில்’, ‘டிடிசிபி அப்ரூவ்டு’, ‘உடனே வீடு கட்டலாம்’. ஒரகடம் சாலையில் திரும்பினால் இன்னும் அதிகம். தாம்பரம் தாண்டித் தெற்கே வந்து குடியேறியவர்களில் முக்கால்வாசிப் பேரின் கதை இப்படி ஒரு பலகையில்தான் ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், கடன் கட்டிக்கொண்டிருக்கும் சொந்த வீட்டின் கூடத்தில், ஃபேனுக்கு அடியில் பாயை விரித்து உட்கார்ந்து பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்ப்பது இருக்கிறதே, அந்த அனுபவத்துக்கு ஈடே கிடையாது.

இந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு என்றால் படம்தான். வரிசை யாரும் திட்டம் போட்டு அமைத்தது இல்லை. முதலில் ‘மெய்யழகன்’ மறுபடி பார்த்தோம். பிரேம்குமார் இயக்கி 2024-ல் வந்த படம். நீளம் என்று குறை சொன்னவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. படத்தில் வரும் அந்த ராத்திரிப் பேச்சு இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தாலும் உட்கார்ந்து கேட்டிருப்பேன். 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்புகிற பையன் வீட்டுக்குள் கடைசியாக ஒரு சுற்று சுற்றி வருவானே, அங்கேயே மனசு கரைந்துவிட்டது. கல்யாண மேடையில் தங்கைக்கு, வளர்ந்த அந்தப் பையனாக வரும் அர்விந்த்சாமி ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடும் காட்சியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எனக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லையேடா” என்றார். அடுத்த வாரம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இலங்கையிலிருந்து படகில் வரும் ஒரு குடும்பம், சென்னையில் வாடகை வீடு பிடித்து, அக்கம்பக்கத்தையே சொந்தமாக்கிக்கொள்ளும் கதை. சசிகுமாரும் சிம்ரனும் அவ்வளவு இயல்பு. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்பதை நம்ப முடியவில்லை.

பிறகு ‘3 பிஎச்கே’. இயக்கம் ஸ்ரீகணேஷ். ‘சூர்யவம்சம்’ ஜோடி சரத்குமாரும் தேவயானியும் வாடகை வீட்டுத் தம்பதியாக வருகிறார்கள். இவர்கள் கையில் நாலு காசு சேரும்போதெல்லாம் வீட்டு விலை ஒரு படி மேலே ஏறிப் போய் நிற்கும். கஷ்டத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும், மகனிடம் ஏமாற்றத்தைக் காட்டாமல் மறைக்கும் அந்த அப்பாவின் முகத்துக்காகவே படத்தைக் கொண்டாடலாம். முடிந்ததும் அப்பாதான் சொன்னார்: “வீடு கதைன்னா பாலுமகேந்திரா படம்தாண்டா. அதைப் போடு.”

போட்டேன். அடடா!

1988-ல் வெளியான படம். சுதா ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண். தங்கை, பாட்டு வாத்தியாராக இருந்த தாத்தா. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். வாடகையும் அட்வான்ஸும் கட்டுப்படியாகாமல் தெருத் தெருவாக அலைகிறார்கள். தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் நிலம் இருக்கிறது, அதில் கட்டிக்கொள்ளலாமே என்று முடிவாகிறது. அன்றைக்கு வளசரவாக்கம் ஊருக்கு வெளியே. அன்றைய வளசரவாக்கம்தான் இன்றைய சிங்கப்பெருமாள் கோவில்! கடன், பிளான் அப்ரூவல், கான்டிராக்டர், சிமெண்ட் என்று படம் போகப் போக, நாங்கள் பட்டதையெல்லாம் யாரோ கூடவே நின்று எழுதி வைத்த மாதிரி இருந்தது. மழை வந்து வேலை நின்று போகும் இடத்தில் அப்பா படத்தை நிறுத்தச் சொல்லி, எங்கள் கடைக்கால் குழியில் தண்ணீர் தேங்கிய கதையை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி ஓடவிட்டார்.

இதற்கு நடுவே ஒன்று நடந்தது. பக்கத்து மனையில் அன்றைக்கு சென்ட்ரிங் வேலை. குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு சித்தாள் அக்கா வாசலுக்கு வந்தார். தலையில் சும்மாடு அப்படியே இருக்கிறது, முழங்கை வரை சிமெண்ட் காய்ந்து வெள்ளையாகியிருக்கிறது. டிவியில் மங்கம்மா வரும் இடம். கான்டிராக்டர் தரப்பு சிமெண்டைக் களவாடுவதைச் சுதாவிடம் போட்டு உடைக்கிறாள் சித்தாள் மங்கம்மா. ‘பசி’ சத்யா நடித்திருக்கிறார். செம்பைக் கையில் பிடித்தபடி அக்கா அப்படியே நின்றுவிட்டார். “உள்ள வந்து உக்காருங்கக்கா” என்றோம். “இருக்கட்டும் தம்பி” என்று நிலையில் சாய்ந்துகொண்டார். மங்கம்மா கான்டிராக்டரை எதிர்த்து நிற்கும் காட்சி முடிந்ததும், “அந்தம்மா நிசமாவே சித்தாளு வேலை பாத்தவங்களா?” என்று கேட்டார். நடிகை என்றதும் நம்பவே இல்லை. சத்யாவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு யார் தர முடியும்!

சுதாவாக நடித்த அர்ச்சனாவைப் பற்றி என்ன சொல்ல? மேக்கப் போட்ட சுவடே இல்லை. பஸ்ஸுக்கு நிற்பதிலும், செலவுக் கணக்கு பார்ப்பதிலும், கடனுக்கு விலை கேட்கும் மேலதிகாரியின் முன்னால் கூனிக் குறுகுவதிலும் ஒரு நடிகையைப் பார்க்க முடியவில்லை. இந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. அடுத்த வருஷமே ‘தாசி’ தெலுங்குப் படத்துக்காகச் சிறந்த நடிகை விருதை மறுபடியும் அர்ச்சனாவே வாங்கினார்.

என் மனசை அள்ளிக்கொண்டவர் தாத்தாதான். சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தள்ளாத வயதில் தனியாகக் கிளம்பி வருகிறார். பூசாத செங்கல் சுவர். அந்தச் சுவர்களுக்கு நடுவே மெதுவாக நடக்கிறார், ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், அந்த முகத்தில் ஒரு நிறைவு வருகிறது. வசனமே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை; நீங்களே பாருங்கள். இளையராஜா தன் 1986 இசைத்தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’-டிலிருந்து எடுத்துத் தந்த இசை இதில் ஒலிக்கிறது. அந்த வயலின்கள் இந்தப் படத்துக்காகவே காத்திருந்தவை என்று சத்தியம் செய்வேன். படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பாட்டு இல்லையே என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் பாலுமகேந்திராவே. மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். சிறு வயதில் தன் அம்மா ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டைப் பார்த்ததே இந்தப் படத்துக்கு விதை என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்தக் கேமரா செங்கல்லையும் மணலையும் அவ்வளவு வாஞ்சையோடு பார்க்கிறது போல. படம் முடிந்து நான் எழுந்துபோய் எங்கள் படிக்கட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தால் இது நடக்குமா?

அடுத்த பௌர்ணமிக்கு எங்கள் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மர் மலையைச் சுற்றப் போனபோதும் வழி நெடுக இதே பேச்சுதான். இங்கே குடைவரையில் இருக்கும் மூலவரை வலம் வருவதென்றால் குன்றையே சுற்ற வேண்டும். பேச நேரம் தாராளமாகக் கிடைக்கும். கூட வந்த பக்கத்து வீட்டு மாமா, மனை வாங்கி வைத்துக் கட்டாமல் இருப்பவர். “கட்டறதுக்கு முன்னாடி பாக்கணுமா, கட்டின பிறகு பாக்கணுமா?” என்று கேட்டார். ரெண்டு தடவையும் பாருங்க மாமா என்றேன்.

‘வீடு’, ‘சந்தியாராகம்’ படங்களின் நெகட்டிவ் இன்று இல்லை என்று பாலுமகேந்திரா 2014-ல் மறையும் முன் மேடைக்கு மேடை வருந்தினார். தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதை அரசு செய்து தர வேண்டும். அதுவரைக்கும் கிடைக்கிற பிரதி கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ‘வீடு’ பாருங்கள்.